தைரியம் அவளுக்கு, பாசம் எனக்கு

அக்காவின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. மரியாதைக்காக என்று நினைத்துக்கொள்ளுங்கள். மூத்த ஓரகத்தியைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் எங்களிடம் இல்லை என்பதும் உண்மைதான். ஆனால் காரணம் அதுவல்ல. தோட்டம் முழுக்க ஆளாளுக்கு அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லி என் காது புளித்துப்போய்விட்டது. நானும் ஒருத்தி எதற்கு?

என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி அவள். அக்கரப்பத்தனையிலிருந்து மேலே ஏறும் பாதையில் எங்கள் லயம், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகள். அதில் அவள் காம்பராவும் என் காம்பராவும் அடுத்தடுத்து, நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் அவள் இருமினால் இந்தப் பக்கம் என் பிள்ளை தூக்கத்தில் புரளும். முன்னால் நிற்கும்போது "அக்கா, நீங்க" என்பேன். மனசுக்குள் எப்போதும் "அவள்"தான்.

அவள் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகப் போகிறது. சீனி வியாதி. காலில் வந்த புண் ஆறவே இல்லை. எழவு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் சொல்லிவைத்தாற்போல் ஒன்றையே சொன்னார்கள்: "பயம்னா என்னன்னே தெரியாத பொம்பள." நானும் மாரில் அடித்துக்கொண்டுதான் அழுதேன். பொய் அழுகை இல்லை. ஆனால் அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் அழுகை அப்படியே நின்று, எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சொன்னவர்கள் மேல் குற்றம் இல்லை. அவள் அப்படித்தான் நடந்துகொண்டாள். தலவாக்கலைக்குப் போகும் பஸ் எங்கள் முடக்கில் நிற்காது. தோட்டத்து ஆட்கள் மூட்டை முடிச்சோடு ஏறுவார்கள் என்று டிரைவர் பார்க்காததுபோல் போய்விடுவான். நாங்கள் கையைக் காட்டிக் காட்டித் தோள் வலித்து நிற்போம். அவள் நேரே ரோட்டு நடுவில் போய், சேலைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு நிற்பாள். பஸ் கிறீச்சென்று நிற்கும். டிரைவர் சிங்களத்தில் திட்டுவான். இவள் அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே எங்களைக் கூப்பிடுவாள். "வாங்கடி, ஏறுங்க. பஸ்ஸுதானே, மாடா முட்டறதுக்கு?"

எல்லாரும் ஏறுவோம். அவள் நிறுத்திய பஸ்ஸில் உட்கார்ந்து போவது எனக்குச் சுகமாகவும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும். என் வீட்டுக்காரர் வேறு, பக்கத்தில் இருக்கிறவனிடம் "எங்க அண்ணி" என்று நெஞ்சை நிமிர்த்துவார். என்னைப் பற்றி அவர் யாரிடமும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

அப்புறம் அந்தப் புலிக் கதை. சிறுத்தையை நாங்கள் புலி என்றுதான் சொல்வோம். ஒரு மழைக்காலத்தில் லயத்து நாய்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. பொழுது சாய்ந்தால் கக்கூசுக்குப் போகக்கூட ஆளாளுக்கு நடுக்கம். அவள் ஒரு சட்டி மூடியையும் கரண்டியையும் எடுத்துத் தட்டிக்கொண்டே பொம்பளைகளை வரிசையாகக் கூட்டிக்கொண்டு போனாள். தேயிலைக்குள் ஏதோ சரசரத்தது. எல்லாரும் அலறினோம். அவள் மூடியை அதன் மேலேயே விட்டெறிந்தாள். விடிந்தபோது "புலிய வெரட்டுனவ" ஆகிவிட்டாள். புலியாவது! அது கடைசிக் காம்பராக்காரரின் கறுப்பு ஆடு. என் கண்ணால் பார்த்தேன். வாய் வலிக்கச் சொன்னேன். யார் கேட்டார்கள்? "ஆடா இருந்தா என்ன, புலியா இருந்தாலும் அவ எறிஞ்சுதான் இருப்பா" என்றார்கள். அது நிஜம் என்பதுதான் என்னை இன்னும் கடுப்பேற்றியது.

கண்டாக்கு ஐயாவிடமும் அப்படித்தான். மலையில் கொழுந்து எடுக்கும் வேலையை மேற்பார்க்கிறவர் அவர். புதிதாக வந்த ஒருவர், மாசமாக இருந்த ஒரு சின்னப் பெண் நிரையில் பின்தங்கிவிட்டாள் என்று, வாயில் வரக்கூடாத பேச்சுப் பேசிவிட்டார். அக்கா கூடையை இறக்கி வைத்தாளாம். பக்கத்து நிரைக்காரியும் இறக்கினாள். கொஞ்ச நேரத்தில் அந்த மலை முழுக்கக் கூடைகள் தரையில்.

"என்னா இது? தூக்குங்க கூடைய!" என்றாராம் அவர்.

"தூக்குறோங்கய்யா. மொதல்ல அந்தப் பிள்ளகிட்ட பேசுன பேச்ச நீங்க திருப்பி எடுத்துக்கங்க."

அந்த மனிதர் அதற்குப் பிறகு அந்த மலையில் குரலை உயர்த்தவில்லை. பொம்பளைகள் ஒரு வாரம் இதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

நான் அங்கே இல்லை. எந்த வீரக் கதையிலும் என் பேர் இருந்ததில்லை. என் வேலை பிள்ளைக்காம்பராவில். மலைக்குப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. வரிசையாகச் சேலைத் தொட்டில்கள். எந்தப் பிள்ளை குப்புறப் போட்டால் தூங்கும், எதற்குக் காதைத் தடவ வேண்டும், எது பசிக்கு அழுகிறது, எது சும்மா அழுகிறது, எல்லாம் எனக்கு அத்துப்படி. பால் கொடுக்க வரும் தாய்க்குத் தெரியாததுகூட எனக்குத் தெரியும். ஆனால் அதை யார் பார்க்கிறார்கள்? தைரியம் நடு ரோட்டில் நிற்கும், பஸ்ஸில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். பாசம் ஒரு மூலையில் உட்கார்ந்து ஈ விரட்டிக்கொண்டிருக்கும்.

அதனால் நானாக ஒரு பங்கு பிரித்துக்கொண்டேன். அண்ணன் தம்பி அடுப்பைப் பிரித்தபோது அம்மிக்கல் அவளுக்கு, பெரிய அண்டா எனக்கு என்று பிரித்தோம் இல்லையா, அதேபோல மனசுக்குள். தைரியம் அவளுக்கு, பாசம் எனக்கு. ஊர் அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடட்டும். பிள்ளைகள் என் மடிக்குத்தான் வரும். எல்லாவற்றுக்கும் மேலே என் மகள். அக்காவுக்கு இரண்டு பையன்கள், கொழும்பில் கடைகளில் வேலை. பெண் கிடையாது. எனக்கு இருந்தது ஒரே பெண். அது என் பங்கு.

பள்ளிக்கூட விடுமுறை நாள் ஒன்று. மகளுக்கு அப்போது ஏழு வயசிருக்கும். என்னோடு பிள்ளைக்காம்பராவில்தான் இருந்தாள். அக்கா தேத்தண்ணிப் போத்தலை மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். அதைப் பார்த்ததும் இவள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் எடுத்துக்கொண்டு மலைக்கு ஓடிவிட்டாள். எனக்கு ஒரு வாய்த் தண்ணீர் மொண்டு தந்ததில்லை, பெரியம்மாவுக்குத் தேத்தண்ணி! வாசலில் நின்று நான் கரித்துக்கொட்டிக்கொண்டிருக்கும்போதே மேலே கூச்சல் கிளம்பியது.

பெரிய மரத்தில் இருந்த குளவிக் கூட்டைப் பருந்து அடித்துவிட்டது. மலையில் இது புதிதில்லை. எல்லாருக்கும் தெரிந்த பாடமும் ஒன்று உண்டு. ஓடக் கூடாது, குப்புறப் படுத்துப் படங்கால் மூடிக்கொள்ள வேண்டும். படங்கு என்பது தேயிலைச் செடி உரசாமல் இருக்க இடுப்பைச் சுற்றிக் கட்டும் தடித்த சாக்கு. பாடம் எல்லாருக்கும் தெரியும், கால்தான் கேட்காது. எல்லாரும் ஓடினார்கள்.

நான் ஜன்னல்களைச் சாத்தினேன். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். இடுக்குகளில் துணியைச் சுருட்டி அடைத்தேன். தொட்டிலில் கிடந்ததுகளையெல்லாம் அள்ளி இறக்கிக் கம்பளிக்குள் போட்டேன். குளவிகள் கண்ணாடியில் வந்து வந்து மோதின. அப்போதுதான் லயத்துப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த ஒருத்தி கத்தினாள்: "அடியே, ஒன் மக மேல் மலையில நிக்கிறாடி!"

தாழ்ப்பாளில் கை வைத்தேன். திறந்தால் குளவி உள்ளே வரும். உள்ளே பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள், எழுந்து நிற்கக்கூடத் தெரியாததுகள். கையை எடுத்துவிட்டேன். கதவில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்து, என் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கத்தினேன். என் கத்தலுக்குப் பயந்து கம்பளிக்குள் இருந்த எல்லாம் வீறிட்டன. அந்த நேரம் நான் பட்ட பாடு யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டும் என்று எனக்கு இன்றைக்கும் ஆசையாக இருக்கிறது.

மேலே நடந்ததை ஊரே சொன்னது. அக்கா தன் படங்கை அவிழ்த்து, என் மகளைக் கீழே தள்ளிப் போர்த்தி, அதன் மேல் தான் படுத்துக்கொண்டாள். கொழுந்து லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது அவள் முகத்தில் எது கண், எது மூக்கு என்று தெரியவில்லை. என் மகளுக்குக் கணுக்காலில் மட்டும் ஓரிரு கொட்டு.

பொழுது சாய்வதற்குள் லயத்தில் தீர்ப்பும் ஆகிவிட்டது. "பெத்தவ கதவச் சாத்திக்கிட்டா. பெரியம்மா படுத்துக் காப்பாத்துனா." ஒரு கொட்டுக்கூட இல்லாமல் தங்கள் பிள்ளைகளைக் கம்பளியோடு தூக்கிக்கொண்டு போனவர்களும் அதையேதான் சொன்னார்கள்.

"அண்ணி இல்லேன்னா நமக்குப் பிள்ள இல்ல" என்றார் என் வீட்டுக்காரர்.

"நான் மட்டும் என்னங்க, அத்தன பிள்ளைகளையும் வச்சுக்கிட்டு..."

"ஒன்ன யாரு இப்ப என்ன சொன்னா?"

அதுதானே. என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு என் மகள் எனக்குப் பேருக்குத்தான் மகள். சாப்பாடு அங்கே, தலைவாரல் அங்கே, படுக்கையும் சுவருக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு அவர்கள் இரண்டு பேரும் சிரிப்பதை நான் கேட்டுக்கொண்டிருப்பேன். என்ன சிரிப்பு அது, அப்படி என்னதான் பேசுவார்கள் என்று சுவரில் காதை வைத்துக்கூடப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் கேட்காது, சிரிப்புத்தான் கேட்கும்.

அவள் குணமாகி மலைக்குத் திரும்பி ஒரு மாதம் ஆகியிருக்கும். மத்தியானங்களில் பிள்ளைக்காம்பராவுக்கு வந்து ஒரு மூலையில் உட்கார ஆரம்பித்தாள். மிச்சம் மீதி இருக்கிற பிள்ளைகளையும் வளைத்துப்போட வருகிறாளாக்கும் என்று நான் முகம் கொடுக்கவில்லை. ஒரு நாள் ஜன்னல் கண்ணாடியில் ஒரு வண்டு மோதி ரீங்கென்று சுற்றியது. அவள் சுவரோடு ஒடுங்கித் தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். காற்றே இல்லை, தொட்டில் ஆடியது.

"என்னாக்கா?"

"கதவச் சாத்துடி மொதல்ல."

சாத்தினேன். அவள் என்னை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"யார்ட்டயும் சொல்லிராத. நா அன்னைக்குத் தைரியத்துல ஒண்ணும் படுக்கல. கயிறு தளந்துருச்சேன்னு படங்க அவுத்து மாத்திக் கட்டிக்கிட்டிருந்தேன். கொளவி வந்துருச்சு. எல்லாரும் ஓடுறாளுக. எனக்குக் கால் வரலடி. ஒரு எட்டு வரல. அப்பிடியே படங்கோட விழுந்தேன். ஒன் மக ஓடியாந்து எனக்கு அடியில பூந்துக்கிச்சு. அம்புட்டுத்தான்."

பொய் சொல்வானேன், எனக்கு வயிறு குளிர்ந்துவிட்டது. பயம் தெரியாத பொம்பளையா? கால் வராமல் விழுந்த பொம்பளை! லயத்தைக் கூட்டி வைத்துச் சொல்ல வேண்டும்போல் நாக்கு துறுதுறுத்தது. அந்த ருசியில் இன்னொரு கேள்வியையும் கேட்டுத் தொலைத்தேன்.

"விழுந்தீங்க, சரி. கொட்ட ஆரம்பிச்சப்பறம் எந்திரிச்சு ஓட வேண்டியதுதானே?"

"ஓடத்தான் பாத்தேன். அப்பக் கால் வந்துருச்சு. ஆனா அது என் சட்டயப் பிடிச்சிருந்துச்சுடி, ரெண்டு கையாலயும். பிடிச்ச பிள்ளக் கைய எப்பிடி எடுத்துவிடறது?"

சொல்லிவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டாள். குளிர்ந்த என் வயிறு குபுகுபுவென்று எரிந்தது. அவள் தைரியத்தில் படுத்திருந்தால் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். தைரியம் அவள் பங்கு, எவ்வளவு வேண்டுமானாலும் அள்ளிக்கொள்ளட்டும். இது அது இல்லையே. இது என் பங்கு. என் பிள்ளையின் கையை எடுத்துவிட முடியாமல் கிடந்து அத்தனை கொட்டும் வாங்கியிருக்கிறாள். நான் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தவள்.

"சொல்ல மாட்டேல்ல?" என்றாள். "இந்தப் பேரு இருக்கிறதாலதான் கண்டாக்கு ஐயா நம்ம பொம்பளப் பிள்ளைககிட்ட ஒழுங்கா பேசுறாரு. நா பயந்தவன்னு தெரிஞ்சா எல்லாம் போச்சு."

"சொல்ல மாட்டேங்கா."

நான் வாக்குத் தவறவில்லை. அவள் அதை என் பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டாள். அந்தத் தீபாவளிக்கு எனக்கு ஒரு சேலைகூட எடுத்துத் தந்தாள். பெரிய மனசும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பெரியம்மா தைரியசாலி என்று என் மகள் நினைத்துக்கொண்டிருக்கிற வரைக்கும் சரி. பெரியம்மாவுக்குத் தன் மேல் அத்தனை பாசம் என்று தெரிந்துவிட்டால் எனக்கு என்ன மிஞ்சும்? அதனால்தான் வாயைக் கட்டிக்கொண்டேன்.

அதன் பிறகு அவளைக் கவனிக்காமல் என்னால் இருக்க முடியவில்லை. காலையில் படங்கு கட்டும்போது அவள் விரல்கள் முடிச்சைத் தவறவிடும். திரும்பக் கட்டுவாள், திரும்பத் தவறும். எனக்கு மட்டும்தான் அது தெரியும். கட்டி முடித்ததும் தலையை நிமிர்த்தி, "வாங்கடி, நேரமாச்சு" என்று எல்லாருக்கும் முன்னால் நடப்பாள். அதே மலைக்கு, அதே மரத்தடிக்கு. நான் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பேன்.

மகள் பெரிய வகுப்புக்குப் போனபோது, வாழ்க்கைக்கு அன்பு பெரிதா துணிவு பெரிதா என்று பிள்ளைகளைப் பேச வைத்திருக்கிறார் ஒரு யாழ்ப்பாணத்து டீச்சர். பெற்றோர் கூட்டத்துக்குப் போன என்னை நிறுத்திச் சொன்னார்.

"உங்கட மகள் என்ன வடிவாக் கதைச்சவ தெரியுமே? அம்மாட்ட அன்பு இருந்தது, பெரியம்மாட்டத் துணிவு இருந்தது, துணிவுதான் என்னைக் காப்பாத்தினது எண்டு சொன்னவ. எங்களுக்கெல்லாம் கண் கலங்கிப் போச்சு."

"ரொம்ப நன்றிங்க டீச்சர்" என்றேன். பாதை முழுக்க அழுதுகொண்டே வந்தேன். ஆனாலும் ஒரு ஆறுதல் இருந்தது. அன்பு அம்மாவிடம் என்றுதானே சொல்லியிருக்கிறாள்? தோற்றாலும் என் பங்கு என்னிடம்தான் இருந்தது.

மகளைக் கொட்டகலையில் கட்டிக் கொடுத்தோம். அக்கா போன பிறகு, தலைப்பிரசவத்துக்கு எங்களிடம் வந்தாள். ஒன்பதாம் மாதம் பிறந்தும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வைத்த தட்டை வைத்தபடி தள்ளிவிடுவாள். பிள்ளையின் எடை போதாது, இப்படியே போனால் இரண்டு உயிருக்கும் நல்லதில்லை என்று மருத்துவமாது கடுமையாகவே சொல்லிவிட்டுப் போனார். என்ன கேட்டாலும் "ஒண்ணுமில்லம்மா"தான். மழை பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு அவளே வாயைத் திறந்தாள்.

"மேல் மலை மரத்துல இப்பவும் கொளவிக் கூடு இருக்காம்மா?"

"இருக்கு. அதுக்கென்ன?"

"எனக்குப் பயமா இருக்கு. பெரியம்மா மாதிரி எனக்குத் தைரியம் கெடையாது. எதாச்சும் வந்தா நா இந்தப் பிள்ளையப் போட்டுட்டு ஓடிருவேன். எனக்கே தெரியும்." பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "நா ஒன்ன மாதிரிம்மா."

அறைந்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. நான் ஓடவில்லையடி, ஊரார் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தேன், ஓடுவதைவிட உட்கார்ந்திருப்பதுதான் கஷ்டமடி என்று தொண்டை வரைக்கும் வந்தது. சொன்னால் அவளுக்குச் சோறு இறங்குமா? இறங்காது. எதைச் சொன்னால் இறங்கும் என்று எனக்குத் தெரியும். இத்தனை வருஷமாக நான் பொத்தி வைத்திருந்ததே அதைத்தான். எடுத்துக் கொடுத்துவிட்டால் எனக்கென்று ஒன்றும் இருக்காது. செத்தவளுக்குக் கொடுத்த வாக்கும் போகும். அவள் தட்டைப் பார்த்தேன். சோறு காய்ந்து விறைத்துக் கிடந்தது.

சொன்னேன். கயிறு தளர்ந்தது, கால் வராதது, படங்கோடு விழுந்தது, எல்லாம் சொன்னேன்.

"பெரியம்மாவா? பெரியம்மா பயந்தாங்களா?"

"ஒரு வண்டு சத்தத்துக்குக்கூட நடுங்குவாங்க. கடைசி வரைக்கும்."

"அப்ப ஏம்மா ஓடாமப் படுத்திருந்தாங்க?"

கால் மரத்துப்போய்விட்டது, வேறொன்றுமில்லை என்று அந்த இடத்திலேயே முடித்திருக்கலாம். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ அவங்க சட்டயப் பிடிச்சிருந்தியாம். பிடிச்ச கைய எடுத்துவிட மனசு வரலையாம்."

மகள் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தாள். அப்புறம் அழ ஆரம்பித்தாள். வயிறு குலுங்கக் குலுங்க அழுதாள்.

"எம்மேல அவங்களுக்கு அம்புட்டுப் பாசமாம்மா?"

"ஆமா" என்றேன்.

அழுது முடித்துத் தட்டை இழுத்துக்கொண்டாள். ரசம் கேட்டாள். இன்னும் கொஞ்சம் சோறு கேட்டாள். சட்டியை வழித்துப் போட்டேன். அன்றைக்குக் கதவுக்கு இந்தப் பக்கம் நான் எப்படி இருந்தேன் என்று அவள் கேட்கவில்லை. ரசம் ஊற்றும்போதுகூடக் கேட்பாள் என்று காத்திருந்தேன்.

பெண் பிள்ளை பிறந்தது. நல்ல எடை. என்ன பெயர் வைக்கப் போகிறாய் என்று நான் கேட்கவே இல்லை. கேட்காமலே தெரியும், பெரியம்மா பெயரையேதான் வைத்தாள்.

மகள் துணி துவைக்கப் பீலிக்குப் போகும்போது பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டுப் போகிறாள். சேலைத் தொட்டிலில் போட்டு ஆட்டுகிறேன். எத்தனையோ பிள்ளைகளைத் தூங்க வைத்த கை இது. ஆனால் இந்தக் கழுதை மட்டும் பெயரைச் சொல்லிப் பாடினால்தான் கண்ணை மூடுகிறது. பாட்டை நிறுத்தினால் முழித்துக்கொள்கிறது. அதனால் பொழுதன்றைக்கும் அந்தப் பெயரைத்தான் பாடிக்கொண்டிருக்கிறேன், கண்ணே என்றும் மணியே என்றும் கூடச் சேர்த்து. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் இருந்திருந்தால் கேட்டுக்கொண்டே படுத்திருந்து சிரித்திருப்பாள்.